காந்தம் ஒட்டாததெல்லாம் வெள்ளியா?

வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கமாக:

"பெரியப்பா இறந்து ஓராண்டு ஆகிறது. பழைய பொருட்கள் சேர்ப்பதில் அவருக்குப் பெரிய ஆசை. அந்தச் சேகரிப்பு இப்போது எனக்கும் தம்பிக்கும் பொதுவாக வந்திருக்கிறது. அடியில் இ.பி.என்.எஸ். என்று முத்திரை குத்திய ஒரு தேநீர்க் கெண்டி, முத்திரையே இல்லாத ஆறு கரண்டிகள், ஓரங்களில் சிவப்பு தெரியும் ஒரு ஜோடி மெழுகுவர்த்தித் தாங்கிகள், ஒரு சவரக் கருவி, ஒரு மேசை விளக்கு, உள்மூடியில் '14 கே, 20 ஆண்டு' என்று பொறித்த பாக்கெட் கடிகாரம், ஒரு வால்வு ரேடியோ. காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டியதை இரும்பு என்று ஒரு பக்கமும் ஒட்டாததை வெள்ளி என்று இன்னொரு பக்கமும் பிரித்து வைத்தேன். சவரக் கருவியைக் கம்பி நாரால் தேய்த்தபோது வெள்ளை போய் மஞ்சள் தெரிந்தது. உள்ளே இருப்பது தங்கமா? ரேடியோவின் அடித்தட்டில் வானவில் போல மஞ்சளும் பச்சையும் கலந்த பளபளப்பு, அதன் மேல் ஒரு பொடி. ஒரு மூலையை உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தேன், இன்னும் முடிக்கவில்லை. எல்லாவற்றையும் மொத்தமாகக் கொடுத்து குரோம் போட்டுவிடலாம், செம்பு தெரியும் தாங்கிகள் போலி, அவற்றை எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறான் தம்பி. எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்வது?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பட்டியலில் கடைசியாக வந்த ரேடியோவிலிருந்து தொடங்குகிறேன். மற்றவை இன்னும் பத்து ஆண்டு அப்படியே இருந்தாலும் கெட்டுப்போகாது. ரேடியோ விஷயம் அப்படியல்ல.

முதலில் உப்புத்தாளைக் கீழே வையுங்கள்

பழைய வால்வு ரேடியோக்களின் எஃகுத் தட்டுக்கு அந்தக் காலத்தில் காட்மியம் என்ற உலோகத்தைப் பரவலாக முலாம் பூசினார்கள். துருவைத் தடுப்பதில் அது கெட்டிக்கார உலோகம், அதன் மேல் ஈயம் வைத்துப் பற்றவைக்கவும் சுலபம். அதன் மேல் குரோமேட் (குரோமியம் சேர்ந்த ஒரு ரசாயனம்) கரைசலில் ஒரு முக்கு முக்கினால் நீங்கள் சொல்லும் அந்த வானவில் மஞ்சள் வரும். நாள்பட்ட காட்மியத்தின் மேல் வெள்ளையாகவோ பழுப்பு கலந்த மஞ்சளாகவோ பொடி பூக்கும். காட்மியம் நச்சு உலோகம். அதன் தூசியை மூச்சில் இழுத்தால் நுரையீரலைத் தாக்கும். உடம்புக்குள் போனது சிறுநீரகத்தில் தங்கிப் பல ஆண்டுகள் வெளியேறாது.

துத்தநாக முலாமுக்கும் இதே குரோமேட் மஞ்சளைக் கொடுப்பதுண்டு. அதிலும் வெள்ளைப் பொடி வரும். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிப்பது அனுபவசாலிகளுக்கே கடினம். அதனால் பழைய ரேடியோ, பழைய கருவிகள், திருகாணிகள் எதில் இந்த மஞ்சளைக் கண்டாலும், சோதனை வேறு மாதிரி சொல்லும்வரை காட்மியம் என்றே வைத்துக்கொண்டு நடப்பதுதான் சரி.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். தேய்த்த இடத்தைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், வீட்டு வேக்குவம் கிளீனரையும் போடாதீர்கள். இரண்டுமே தூசியைக் காற்றில் கிளப்பிவிடும். கையுறையும் நுண்தூசி தடுக்கும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, ஈரத் துணியால் தட்டையும் மேசையையும் தரையையும் ஒற்றி எடுங்கள். துணி, உப்புத்தாள், கையுறை மூன்றையும் ஒரு பையில் போட்டு இறுகக் கட்டி, பேட்டரி போன்ற அபாயக் கழிவுகளை வாங்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். அன்று போட்டிருந்த உடைகளைத் தனியாகத் துவைத்துவிடுங்கள். ஒரு மூலையைத்தான் தேய்த்தீர்கள் என்பதால் பதறத் தேவையில்லை. ஆனால் அதற்குப் பிறகு இருமல், நெஞ்சு இறுக்கம், காய்ச்சல் என்று ஏதாவது வந்திருந்தால் மருத்துவரைப் பாருங்கள். 'காட்மியம் பூசிய தட்டைத் தேய்த்தேன்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை. அந்தத் தட்டில் பர்னர் வைத்துச் சூடுகாட்டுவதோ அமிலம் ஊற்றுவதோ எந்தக் காலத்திலும் வேண்டாம்.

சரி, இனி நிதானமாகப் பேசலாம்.

காந்தம் எதைச் சொல்கிறது?

உங்கள் காந்தம் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். முலாம் என்பது மிக மெல்லிய தோல். அலங்கார குரோம் அடுக்கின் கனம் ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கால் பங்கு முதல் அரைப் பங்கு வரைதான். நம் தலைமுடி ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். காந்தத்தின் இழுப்பு அந்தத் தோலைத் தாண்டி உள்ளே இருக்கும் உடம்பைத்தான் பிடிக்கிறது. பலமாக ஒட்டினால் உடம்பு பெரும்பாலும் இரும்போ எஃகோ என்று பொருள். ஒட்டாவிட்டால் பித்தளை, செம்பு, ஜெர்மன் சில்வர், துத்தநாக வார்ப்பு, அலுமினியம், வெள்ளீயம், சிலவகைத் துருப்பிடிக்காத எஃகு என்று எதுவாகவும் இருக்கலாம். வெள்ளி அந்த நீண்ட வரிசையில் ஒன்று மட்டுமே.

ஒட்டிய குவியலில் இருப்பதால் ஒரு பொருள் மட்டம் என்றும் ஆகிவிடாது. நல்ல வேலைப்பாடுள்ள விளக்குகளும் தட்டச்சுப் பொறிகளும் எஃகு உடம்பின் மேல் முலாம் பூசியவைதான். ஆகவே அந்த இரண்டு குவியல்களையும் கலைத்துவிடுங்கள்.

மூன்று வெள்ளைகள்

வெள்ளையாக மின்னும் பழைய பொருளில் நாம் சந்திப்பது பெரும்பாலும் மூன்று முலாம்கள்: வெள்ளி, நிக்கல், குரோம். மூன்றும் தனித்தனியே இருக்கும்போது ஒன்றுபோலத்தான் தெரியும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உடனே பிரியும். பகல் நேரத்தில் ஜன்னலோரம் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, மேசை விளக்கையும் சவரக் கருவியையும் ஒரு கரண்டியையும் சேர்த்து வையுங்கள். மின்விளக்கின் கீழே வேண்டாம், அது நிறத்தை மாற்றிக் காட்டிவிடும்.

குரோமில் ஒரு நீலச் சாயல் இருக்கும். குளிர்ந்த, கூர்மையான பளபளப்பு, முகம் பார்க்கலாம். நிக்கலில் மெல்லிய மஞ்சள் கலந்த வெதுவெதுப்பு இருக்கும். வெள்ளி மூன்றிலும் வெளுப்பானது, ஆனால் ஒளி அதில் மெத்தென்று படியும்.

நிறத்தைவிட நம்பகமான சாட்சி, அந்தப் பொருள் மூப்படைந்த விதம். வெள்ளி கறுக்கும். காற்றிலுள்ள கந்தகம் பட்டு முதலில் இளமஞ்சள், பிறகு பழுப்பு, அப்புறம் ஊதாவும் நீலமும், கடைசியில் கறுப்பு. நிக்கல் அப்படிக் கறுக்காது. மூச்சுப் பட்ட கண்ணாடிபோல ஒரு சாம்பல் மங்கல் படரும், சில சமயம் மஞ்சளோ பச்சையோ லேசாகக் கலந்திருக்கும். குரோம் மங்கவே மங்காது. அதில் நீங்கள் பார்ப்பது ஊசிமுனைப் புள்ளிகளைத்தான். குரோம் அடுக்கில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கும். அதனால்தான் அதற்கு அடியில் எப்போதும் ஒரு நிக்கல் அடுக்கைக் கொடுப்பார்கள், உண்மையில் துருவைத் தடுப்பது அந்த நிக்கல்தான். நிக்கலும் ஓரிடத்தில் விட்டுப்போனால், அடியிலிருக்கும் எஃகின் துரு அந்த ஓட்டை வழியே எட்டிப்பார்க்கும். உங்கள் விளக்கில் பழுப்புப் புள்ளிகள் இருந்தால், மற்ற இடமெல்லாம் கண்ணாடிபோல் இருந்தால், அது எஃகின் மேல் குரோம் என்று தாராளமாக முடிவுக்கு வரலாம்.

காலமும் கைகொடுக்கும். மின்முலாம் வெள்ளிப் பொருட்கள் 1840-க்குப் பிறகு சந்தைக்கு வந்தவை. நிக்கல் முலாம் 1870-க்குப் பிறகுதான் பெருகியது. குரோம் தொழிலாக நிலைபெற்றது 1920-களின் நடுவில். எனவே 1910-ஐச் சேர்ந்தது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு பொருளில் நீலச் சாயல் குரோம் மின்னினால், யாரோ பின்னாளில் முலாம் மாற்றியிருக்கிறார்கள்.

இப்போது சவரக் கருவி. அதில் தெரிந்த மஞ்சள் தங்கமாக இருக்க வாய்ப்பு இல்லை, அது பித்தளை. பித்தளை உடம்பில் நிக்கல் பூசுவதுதான் அந்தக் காலத்து வழக்கம். கம்பி நார் நிக்கலைச் சுரண்டிவிட்டது. போனது திரும்பி வராது என்பதைச் சொல்ல எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. நான் தொழில் பழகிய நாளில் ஒரு பழைய தட்டை மெருகு சக்கரத்தில் கொடுத்து, அதன் நடுவில் இருந்த வெள்ளியை இழந்தேன். அன்றிலிருந்து, இன்னதென்று தெரியாத பொருளை ஈரப் பருத்தித் துணிக்கு மேல் எதைக்கொண்டும் தொடுவதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கெண்டியும் கரண்டிகளும்

இ.பி.என்.எஸ். என்பதை விரித்தால், 'நிக்கல் சில்வர் மேல் மின்முலாம்' என்று வரும். பெயரில் சில்வர் இருப்பதால் பலரும் ஏமாறுகிறார்கள். நிக்கல் சில்வர் என்பது நாம் ஜெர்மன் சில்வர் என்று சொல்லும் அதே கலவைதான்: செம்பு பெரும்பங்கு, மீதி நிக்கலும் துத்தநாகமும். அதில் வெள்ளி துளியும் இல்லை. வெளித்தோல் மட்டும் உண்மையான வெள்ளி. கெண்டியின் கைப்பிடி மூட்டிலும் அடிவிளிம்பிலும் பாருங்கள். வெள்ளி தேய்ந்த இடத்தில் சற்றே மஞ்சள் கலந்த சாம்பல் நிறம் தெரியும். முத்திரை இ.பி.பி.எம். என்று இருந்திருந்தால் கதை வேறு. அது வெள்ளீயக் கலவை. குறைந்த சூட்டிலேயே உருகிவிடும் என்பதால் அதை அடுப்பின் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

முத்திரையில்லாத கரண்டிகளுக்கு ஒரு அருமையான சோதனை இருக்கிறது, கீறலும் விழாது. சமையலறை டிஜிட்டல் தராசில் கரண்டியின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்துத் தராசைச் சுழியாக்குங்கள். கரண்டியை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் இடிக்காமல் முழுவதும் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் கிராம் எண்தான், கன சென்டிமீட்டரில், கரண்டியின் கன அளவு. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் அடர்த்தி. 925 தர வெள்ளிக்கு (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) 10.3-ஐ ஒட்டி வரும், ஜெர்மன் சில்வருக்கு 8.7-ஐ ஒட்டி. 52 கிராம் கரண்டி வெள்ளியென்றால் தண்ணீரில் 5 காட்டும், ஜெர்மன் சில்வர் என்றால் 6. ஒரு கிராமைப் பத்தாகப் பிரித்துக் காட்டும் தராசு இருந்தால் நல்லது. வேறு பொருளில் கைப்பிடி பொருத்திய கத்திக்கும், உள்ளே ஏதாவது நிரப்பிய பொருளுக்கும் இந்தச் சோதனை பயன்படாது.

தாங்கிகளை எடைக்குப் போடாதீர்கள்

உங்கள் கடிதத்தில் என் மனம் நின்ற இடம் இதுதான். சிவப்பு தெரிகிறது, ஆகவே போலி என்று தம்பி சொல்கிறார். அந்தச் சிவப்பே இவற்றின் பெருமையாக இருக்கக்கூடும்.

மின்முலாம் வருவதற்கு சுமார் நூறு ஆண்டு முன்பே, 1743 வாக்கில், இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் தாமஸ் போல்சோவர் ஒரு முறையைக் கண்டார். செம்புக் கட்டியின் மேல் வெள்ளித் தகட்டை வைத்துச் சூட்டில் இணைத்து, இரண்டையும் சேர்த்து உருட்டித் தகடாக்குவது. அந்தத் தகட்டை வளைத்துப் பொருள் செய்தார்கள். ஷெஃபீல்ட் பிளேட் என்று அதற்குப் பெயர். நூறாண்டுக் காலம் செழித்து, மின்முலாம் வந்ததும் மறைந்தது. துடைத்துத் துடைத்து வெள்ளி தேயும்போது அடியிலிருக்கும் செம்பு இளஞ்சிவப்பாகக் கசியும்.

செம்பின் மேல் மின்முலாம் பூசிய பிற்காலப் பொருட்களும் உண்டு, அவற்றிலும் சிவப்பு தெரியும். ஆகவே சிவப்பை மட்டும் வைத்துச் சந்தோஷப்படவும் கூடாது. ஒரு லென்ஸ் எடுத்துக்கொண்டு மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, தண்டின் நீளவாக்கில் ஒரு மெல்லிய இணைப்புக் கோடு. இணைத்த தகட்டை வளைத்துச் செய்ததால் இந்தக் கோடு இருக்க வேண்டும். மின்முலாமில் பொருளை முழுதாகச் செய்து முடித்தபின் கரைசலில் முக்குவதால், வெள்ளி இணைப்பையும் மூடிவிடும். இரண்டு, விளிம்பு. தகட்டை வெட்டிய ஓரத்தில் செம்பு தெரியுமே, அதை மறைக்க வெள்ளியை மடித்தோ வெள்ளிக் கம்பியை ஒட்டியோ முடித்திருப்பார்கள். நகத்தால் தடவினால் ஒரு சிறு மேடு தட்டுப்படும். மூன்று, குடும்பச் சின்னமோ எழுத்தோ பொறித்த இடம். மெல்லிய வெள்ளியில் செதுக்கினால் செம்பு வெளியே வந்துவிடும் என்பதால், அந்த இடத்தில் மட்டும் கனமான வெள்ளித் துண்டைப் பதித்தார்கள். அதன் மேல் மூச்சு விட்டால், சில நொடிகளுக்கு அந்தத் துண்டின் எல்லை தனியாகத் தெரியும். நான் இழந்த தட்டிலும் இந்தத் துண்டுதான் போயிற்று.

மூன்றில் இரண்டு பொருந்தினாலே, பழைய வெள்ளிப் பொருட்களை மதிப்பிடும் ஒருவரிடம் நேரில் காட்டாமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள். மறுமுலாம் பூசினால் இந்தத் தடயங்கள் எல்லாம் புதிய வெள்ளிக்கு அடியில் போய்விடும், மதிப்பும் கூடவே போகும்.

கடிகாரம்

'14 கே' மட்டும் இருந்திருந்தால் தங்கம் என்று நம்பலாம். கூடவே '20 ஆண்டு' என்று இருப்பதால் சங்கதி மாறுகிறது. உட்பகுதி பித்தளை, மேலே 14 காரட் தங்கத் தகட்டைப் பதித்து உருட்டியிருக்கிறார்கள், அந்தத் தங்கம் இருபது ஆண்டு தேயாது என்று உற்பத்தியாளர் கொடுத்த உத்தரவாதம் அது. திடத் தங்கத்துக்கு ஆண்டுக் கணக்கு எதற்கு? தொங்கும் வளையத்திலும் கீலிலும் பித்தளை எட்டிப்பார்க்கிறதா என்று பாருங்கள். அமிலச் சோதனை வேண்டாம், அந்தச் சொட்டு விழுந்த இடம் வடுவாகவே நிற்கும்.

தம்பியின் யோசனை பற்றி

எல்லாவற்றுக்கும் குரோம் என்பதை நான் ஏற்கவில்லை. புது முலாம் பிடிக்க வேண்டுமென்றால் பழையதை உரித்து, உடம்பைச் சக்கரத்தில் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். அந்தத் தேய்ப்பில் முத்திரைகள் மழுங்கும், கூர்மையான ஓரங்கள் உருண்டுபோகும். நிக்கலுக்காகவே செய்த ஒரு கருவிக்கு குரோம் போட்டால், அதன் வயதுக்குப் பொருந்தாத ஒரு நீல மின்னல்தான் மிஞ்சும்.

குரோம் போட நியாயமுள்ள ஒரே பொருள் அந்த மேசை விளக்கு, அதுவும் துரு ஆழமாகக் குழி பறித்திருந்தால் மட்டும். முதலில் அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, துருப்புள்ளி போகும், கீறல் விழாது. மின்வயரைக் கழற்றிவிட்டுத்தான் இந்த வேலை. இந்த வைத்தியம் குரோமுக்கு மட்டும், வெள்ளிக்கும் நிக்கலுக்கும் கூடாது. அப்படியும் முலாம் போடுவது என்று முடிவானால், அடியில் செம்பும் நிக்கலும் எத்தனை கனம் கொடுப்பார்கள், பழையதை எப்படி உரிப்பார்கள், எழுத்துகள் பிழைக்குமா என்ற மூன்றையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கெண்டியை வீட்டில் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் வெள்ளி மறுமுலாம் பூசுவதில் தவறில்லை. சேகரிப்பாக வைப்பதென்றால் அப்படியே விடுங்கள்.

இன்னொன்றையும் தம்பியிடம் சொல்லுங்கள். இருவருக்கும் பொதுவான பொருளில் திரும்பப் பெற முடியாத மாற்றத்தை ஒருவர் மட்டும் முடிவு செய்யக் கூடாது. இன்றைய நிலையில் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, முத்திரையோடு ஒரு பட்டியல் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் எதையாவது விற்றால், முலாம் பூசியதை முலாம் என்றே எழுதிக் கொடுங்கள். வெள்ளி என்று சொல்லி விற்றுவிட்டால், வாங்கியவர் திரும்பி வரும்போது 'எனக்குத் தெரியாது' என்பது எடுபடாது.

சவரக் கருவிக்கு மறுமுலாம் வேண்டாம். ஈரம் போகத் துடைத்து, பொருட்காட்சியகங்களில் பயன்படுத்தும் மெழுகை மெல்லியதாகத் தடவி வையுங்கள், பித்தளையும் மங்காது, மிஞ்சிய நிக்கலும் நிற்கும். வெள்ளி பூசியவற்றைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். கம்பளித் துணியும் ரப்பர் பேண்டும் பக்கத்தில் இருக்கவே கூடாது, இரண்டிலும் கந்தகம் இருக்கிறது. தாங்கிகளின் இணைப்புக் கோட்டையும் விளிம்பையும் பக்கவாட்டில் ஒளி விழும்படி அருகில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். துடைக்காமல், இருக்கிறபடியே.